ஐம்பது ரூபாய்க்காரரும் இருபத்தைந்து ரூபாய்க்காரரும்

ஊருக்குப் பணம் அனுப்ப இன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? செல்போனை எடுத்து ரகசிய எண்ணைத் தட்டினால் முடிந்தது. கட்டணம்? ஒரு பைசா கிடையாது. ஆனால், இந்த 'ஒரு பைசா கிடையாது' என்ற நிலைமைக்கு வந்து சேர நம்ம நாட்டுக்கு 140 வருஷம் பிடித்தது. அதிலும் ஒரு பாக்கி இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தபாலில் பணம் அனுப்ப ஜனங்கள் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். ரூபாய் நோட்டை இரண்டாக வெட்டுவது! பாதியை முதலில் அனுப்பி, அது பத்திரமாகச் சேர்ந்த பிறகு மறுபாதியை அனுப்புவார்கள். வழியில் திருடியவனுக்குப் பாதி நோட்டால் என்ன லாபம்?

1880-ல் தபால் இலாகா மணியார்டரைக் கையில் எடுத்தது. கத்தரிக்கோலுக்கு ஓய்வு. வீட்டு வாசலில் போஸ்ட்மேன் சைக்கிள் மணி அடித்தால், மகன் அனுப்பிய பணம் வந்திருக்கிறது என்று அர்த்தம். படிவத்தின் அடியில் நாலு வரி எழுதக்கூட இடம் உண்டு.

சரி, கட்டணம்? மணியார்டரின் கடைசிக் காலத்தில் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். அதாவது நூற்றுக்கு ஐந்து. ஓட்டலில் வேலை பார்க்கும் பையன் அம்மாவுக்கு 1,000 ரூபாய் அனுப்பினால் 50 ரூபாய் கவுன்ட்டரிலேயே போய்விடும். ஒரு மணியார்டரில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்பவும் முடியாது.

இதற்கிடையே வங்கிகள் கம்ப்யூட்டருக்கு மாறின. பெரிய தொகைகளுக்கு 2004-ல் ஆர்.டி.ஜி.எஸ். வந்தது. அடுத்த வருஷமே எந்தத் தொகைக்கும் ஏற்ற நெஃப்ட். 2012 கணக்குப்படி நெஃப்ட்டில் 10,000 ரூபாய் வரை அனுப்ப அதிகபட்சக் கட்டணம் இரண்டரை ரூபாய். இரண்டு லட்சத்துக்கு மேல் எவ்வளவு அனுப்பினாலும் 25 ரூபாய். வரி தனி.

இப்போது பேப்பர், பென்சில் எடுங்கள். 5 லட்சம் அனுப்பிய முதலாளிக்கு 25 ரூபாய். 1,000 அனுப்பிய ஓட்டல் பையனுக்கு 50 ரூபாய். சதவிகிதத்தில் பார்த்தால் முதலாளியைவிடப் பையன் கொடுத்தது ஆயிரம் மடங்கு! காரணம் ரொம்ப சிம்பிள். முதலாளியிடம் வங்கிக் கணக்கு இருந்தது. பையனிடம் இல்லை.

தபால்துறையைத் திட்டாதீர்கள். வெயிலில் சைக்கிள் மிதித்து, குக்கிராமத்துக் குடிசை வரை போய், கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ரொக்கத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். வங்கி நகர்த்தியது வெறும் எண்களை. போஸ்ட்மேன் சுமந்தது நிஜப் பணத்தை.

2015 ஏப்ரலில் அந்தப் பழைய மணியார்டர் விடைபெற்றது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. 2020 ஜனவரி 1 முதல், சேமிப்புக் கணக்குக்காரர்கள் ஆன்லைனில் நெஃப்ட் அனுப்பினால் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆக, பூஜ்யம்!

அந்தப் பழைய 5,000 மட்டும் வேறு வேஷத்தில் திரும்ப வந்திருக்கிறது. யு.பி.ஐ.யில் புதிதாகச் சேருகிறவர் முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. எரிச்சலாக இருக்கும்தான். ஆனால், உங்கள் பெயரில் ஒரு திருடன் உள்ளே நுழைந்தால் அவனுக்கும் அதே 5,000தான். அன்றைக்கு நோட்டை வெட்டிய கத்தரிக்கோல் செய்த வேலையை இன்றைக்கு இந்த வரம்பு செய்கிறது.

அந்த பாக்கி என்ன என்கிறீர்களா? திருப்பூர் பக்கம் போனால், ஞாயிற்றுக்கிழமை மாலை செல்போன் ரீசார்ஜ் கடைகளைக் கவனியுங்கள். பீகார், ஒடிஸாக்காரத் தொழிலாளர்கள் கையில் ரொக்கத்தோடு நிற்பார்கள். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு, அவர்கள் வீட்டுக் கணக்குக்கு ஆன்லைனில் அனுப்புவார். கட்டணம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதே நெட்வொர்க், அதே ஐந்து விநாடி. உங்களுக்கு இலவசம், அவருக்கு இல்லை.

ஐந்து சதவிகிதம் ஒன்றாகக் குறைந்தது பெரிய விஷயம்தான். ஆனால், 140 வருஷம் கழித்தும் கவுன்ட்டரில் கமிஷன் கொடுத்துக்கொண்டு நிற்பவர் அதே ஆள்தான். குறைவாகச் சம்பாதித்து, குறைவாக அனுப்புகிறவர்.