நீவா மணலும் மொட்டைமாடிச் சாவியும்

சித்தூரில் நீவா ஆற்று மணலில் ஊர்த் துணி காய்ந்த காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அந்தத் துணிக்குக் காவல் இருந்தவள் நான். நாங்கள் தமிழ் பேசும் வண்ணார். நைனா, தாத்தா, அவருக்கும் முந்தையவர்கள் எல்லாரும் ஊர் அழுக்கை எடுத்து வெளுத்தவர்கள். வெயில் எல்லாருக்கும் பொது என்று சொல்வார்கள், அது நிஜம்தான். ஆனால் துணி காய்வதற்கு வெயில் மட்டும் போதாது. விரிக்க இடம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்தத் துணியை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று ஊர் வைத்த கணக்குக்கும் உட்பட வேண்டும். இந்த மூன்றும் எந்தக் காலத்திலும் பொதுவாக இருந்ததில்லை.

1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். கலெக்டர் கச்சேரியும் ஜில்லா கோர்ட்டும் இங்கே இருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் தனி ஜில்லா ஆனபோது வட ஆற்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போனது, கச்சேரியும் கோர்ட்டும் இங்கேயும் தொடர்ந்தன. கச்சேரி இருக்கும் ஊரில் வெள்ளைத் துணி அதிகம். குமாஸ்தாவின் வேட்டி, வக்கீலின் கழுத்துப்பட்டை, டவாலிச் சேவகனின் சட்டை எல்லாமே வெள்ளை. வெள்ளை உடுத்துகிறவர் கூடக்கூட வெளுப்பவருக்கு வேலை கூடும். கும்பினிக்காரர்கள் சென்னையில் துணி வாங்கிக் கப்பலேற்றிய காலத்திலும் இதே கதைதான். ஏற்றுமதித் துணியை வெளுத்து, வெயிலில் விரித்துக் காயவைத்தவர்கள் குடியிருந்த இடம் இன்றைக்கும் வண்ணாரப்பேட்டை. 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கியபோது நெசவாளரோடு வெளுப்பவர்களையும் சேர்த்தே குடியேற்றினார்கள். சாயமோ சித்திரமோ ஏறுவதற்கு முன்னால் துணி பல தடவை நனைந்து காய வேண்டும். எங்கள் பக்கத்துக் காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துணியை வெயிலில் காயவைப்பது, சுவர்ணமுகியின் ஓடும் தண்ணீரில் அலசி மறுபடி காயவைப்பது என்று அவர்கள் தொழிலில் பாதி நாள் காய்ச்சலுக்கே போய்விடும்.

எங்கள் தொழில் குறியில் தொடங்கும். எடுத்து வந்த அழுக்கு எந்த வீட்டுடையது என்று பிறகு தெரிய வேண்டுமே. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் பாலைத் துணி ஓரத்தில் தொட்டு வைத்து, மேலே சுண்ணாம்பு தடவுவார் நைனா. கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளாவியில் வெந்தாலும் போகாது. ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, இன்னொரு வீட்டுக்குப் புள்ளியும் கோடும், மற்றொன்றுக்குக் குறுக்குக் கோடு. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். நைனாவின் விரல்களில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. எழுத்து தெரியாதவர் அவர். ஊரிலுள்ள அத்தனை வீட்டின் கணக்கும் அந்தப் புள்ளிகளில் இருந்தது. செத்தவர் யார், திருடியவர் யார் என்று தெரியாத வழக்குகளில் அந்தக் காலத்தில் போலீஸ் தேடிப் பார்த்ததும் இந்தக் குறியைத்தான்.

பிறகு சவுட்டு மண். ஏரிக்கரையிலும் உவர் நிலத்திலும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் மண்ணைச் சுரண்டி வந்து தண்ணீரில் கரைப்பார்கள். அதிலிருக்கும் சோடா உப்புதான் அழுக்கை எடுப்பது. அந்தத் தண்ணீரில் முக்கியெடுத்த துணியை வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி ராத்திரி முழுக்க ஆவியில் வேகவிடுவார்கள். விடியற்காலையில் கழுதைமேல் பொதியேற்றித் துறைக்குப் போய்விட வேண்டும். கல்லில் அடித்து, அலசி, நீலம் போட வேண்டியதற்கு நீலம் போட்டு, கஞ்சி போட வேண்டியதற்குக் கஞ்சி போட்டு முடிக்கும்போது சூரியன் ஏறியிருக்கும். அதுவரை பெரியவர்கள் வேலை. அதற்குமேல் என்னுடையது.

மணலில் விரிக்கிற துணி வேறு, கயிற்றில் போடுகிற துணி வேறு. போர்வை, படுக்கை விரிப்பு, கோடி வேட்டி இவை மணலுக்கு. நான்கு முனையிலும் கூழாங்கல் வைக்க வேண்டும். ஈரமாக இருக்கையில் மணல் அப்பிக்கொண்டிருக்கும், அப்போது கை வைக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் ஒரே உதறு, ஒரு பொடி நிற்காது. சேலையும் சட்டையும் கயிற்றுக்கு. எங்களிடம் கிளிப்பு ஏது? இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கும் ஸ்பிரிங் கிளிப்புக்கு அமெரிக்காவில் 1853-லேயே ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டார், நீவா ஆற்றுக்கு அது வந்துசேர நூறாண்டுக்கு மேல் ஆனது. நாங்கள் இரண்டு தென்னங்கயிற்றைச் சேர்த்து முறுக்கி, இரு முனையிலும் கவைக் கம்பு நட்டு இழுத்துக் கட்டுவோம். புரிகளுக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிட்டால் ஆடிக் காற்றுக்கும் அசையாது. துணியில் அச்சும் விழாது.

நைனா வைத்திருந்த விதிகளை இன்றைக்கும் நான் மீறுவதில்லை. போடும் முன் ஓங்கி உதறு, சுருக்கத்தில் பாதி அங்கேயே போய்விடும். வெள்ளையை நேர்வெயிலில் போடு, சாயத்துணியை உள்பக்கம் திருப்பி நிழலில் போடு. சட்டையைத் தோளில் தொங்கவிடாதே, கீழ் ஓரத்தைச் செருகு. கஞ்சி போட்ட வேட்டியை மொடமொடவென்று காயவிடாதே, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எடுத்து நீவி மடி. பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் அள்ளிவிடு, பனி இறங்கினால் காய்ந்த துணியும் பதமாகிவிடும். கோடை உச்சமான ரோகிணி கார்த்தி வெயிலில் இந்தப் பக்கம் ஒரு வேட்டி காய்வதற்கு இன்னொன்றைப் பிழிகிற நேரம்தான் ஆகும். அந்த நாட்களில் வெள்ளையைக்கூட அதிகம் விட்டுவைக்க மாட்டார், நூல் நொய்ந்துபோகும் என்பார். எனக்கு இட்ட வேலை, ஆடு மாடு மிதிக்காமலும் நாய் படுக்காமலும் பார்ப்பது. மதியச் சோறு அங்கேயே. பள்ளிக்கூடத்தை நான் தவறவிட்ட நாளெல்லாம் வெயில் நன்றாகக் காய்ந்த நாள்.

இப்படி வெளுத்து, மடித்து, எங்கள் ஆயா தலையில் சுமந்து வீடுவீடாகக் கொண்டுபோய் வைத்த துணி சில வீடுகளில் மறுபடி நனையும். ஆசாரம் பார்க்கும் வீடுகளில் எங்கள் கை பட்டது மடி ஆகாது. பூசைக்கும் சமையலுக்கும் உடுத்துவதை அவர்களே கிணற்றடியில் நனைத்து, வீட்டுக்குள்ளேயே காயவைப்பார்கள். அதற்கென்று கூடத்திலோ தாழ்வாரத்திலோ எட்டாத உயரத்தில் ஒரு மூங்கில் கொடி தொங்கும். ஒன்பது கஜச் சேலையை மடிக்கோலால் தூக்கி, அந்தக் கொடியில் சுருக்கம் இல்லாமல் படியவிடுவதற்கு நல்ல கைப்பழக்கம் வேண்டும். குளிக்காத குழந்தைகூடத் தொட முடியாது, தொட்டால் திரும்பவும் நனைக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்களும் பாவம்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மடி காயாமல், ஈரச்சேலையோடு அடுப்படியில் நின்று நடுங்கியவர்கள் அவர்கள். ஆனாலும் எங்கள் உழைப்பில் வெளுத்தது எங்கள் கையாலேயே அசுத்தம் ஆனது என்ற கணக்கு எனக்குச் சின்ன வயதிலேயே உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அதைப் பேச மாட்டார்கள். களத்தில் அளக்கும் கேழ்வரகும் கடலையும், ராத்திரி வீடுவீடாகப் போய் வாங்கும் சோறும்தான் கூலி. பேசினால் அதுவும் போகும்.

திருப்பதிக்கு வந்தபிறகுதான் வேறொன்றைப் பார்த்தேன். 1944-ல் மலைப்பாதை போடுகிறவரை திருமலைக்குப் போகிறவர்கள் படியேறித்தான் போனார்கள். முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். சுமக்கிற பாரம் குறைய வேண்டும் என்று மாற்றுத்துணி ஒன்றுக்குமேல் கொண்டுபோக மாட்டார்கள். கபில தீர்த்தத்திலோ சுவாமி புஷ்கரிணியிலோ முங்கி, ஒன்றை உடுத்தி, நனைந்ததை அங்கேயே காயவைத்துக்கொள்வார்கள். பஸ்ஸும் காரும் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. குளித்தெழுந்த அம்மாக்கள் இரண்டு பேர் ஒரு சேலையின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நிற்பார்கள். சேலை பாய்போல் உப்பும், சற்று நேரத்தில் காய்ந்துவிடும். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத பெண்ணைக் கூப்பிடுவார்கள். “கொஞ்சம் பட்டுக்கோ அம்மா” என்று தெலுங்கில் ஒருத்தி கேட்பாள், தமிழ்க்காரி வந்து பிடிப்பாள். நீ யார், எந்த ஜாதி, குளித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களோ புஷ்கரிணியில் முங்கிய ஈரத்துணியோடே கோயிலுக்குள் உருள்வார்கள். ஈரமே அங்கே சுத்தம். ஒரே மலையடிவாரத்தில், ஒரே தெய்வத்தை நம்பும் வீடுகளில், கொடிக்கு ஒரு நியாயமும் குளக்கரைக்கு ஒரு நியாயமும் இருந்திருக்கிறது.

இந்தப் பக்கம் மழைக்காலம் என்றால் பின்வாங்கும் பருவமழைதான், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதை எல்லாரும் பார்த்தோம். காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருக்கும்போது துணியிலிருக்கும் தண்ணீர் எங்கே போகும்? அந்த மாதங்களில் வெள்ளாவி அடுப்பைச் சுற்றியே எங்கள் கொடி கட்டியிருக்கும். துணியில் புகை வாசம் ஏறும், அதற்கு வசவும் விழும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தணலில் சாம்பிராணி போட்டு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் குழந்தைத் துணியைப் பரப்புவார் ஆயா. முக்கால் காய்ந்ததைக் கரிப்பெட்டி இஸ்திரி முடித்துவைக்கும். மெல்லக் காய்கிற துணியில் எழும் முடைநாற்றத்துக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா காரணம் என்று 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுசொன்னார்கள். வெயிலில் காய்ந்த துணிக்கு நல்ல வாசம் எப்படி வருகிறது என்று 2020-ல் கோபன்ஹேகனில் துண்டுகளைக் காயவைத்து ஆராய்ந்தவர்களும் உண்டு. ஈரப்பருத்தியின்மேல் வெயில் படும்போது, பூக்களிலும் வாசனைத் தைலங்களிலும் இருக்கிற வகை ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன என்கிறது அந்த ஆய்வு. நிழலில் காய்ந்த துண்டில் அந்த வாசம் இல்லை. ஆற்றிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்ததும் முகத்தைப் புதைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இது தெரிந்த வாசம்தான்.

எங்கள் தொழில் ஒரே நாளில் போகவில்லை. 1959-ல் சர்ஃப் வந்தது, 1969-ல் நிர்மா. விலை மலிய மலிய வீட்டிலேயே துவைத்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் வாஷிங் மெஷின் வந்தது. அது பிழிந்து தரும் துணி பாதி காய்ந்தே வருகிறது. ஆற்றிலும் தண்ணீர் போய்விட்டது. மணலையும் வீடு கட்ட அள்ளிப் போய்விட்டார்கள். துணியை விரிக்க முடிந்த இடத்தில் இன்று சீமைக்கருவேலமும் சாக்கடையும். எங்கள் பிள்ளைகளில் பலர் இஸ்திரி வண்டியோடு நின்றுகொண்டார்கள். ஆந்திர அரசு 2020 ஜூனில் ‘ஜகனண்ண சேதோடு’ என்று தொடங்கித் தையல்காரருக்கும் நாவிதருக்கும் எங்களுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தது. வாங்கியவர்களுக்கு அது உதவிதான். ஆனால் பணம் கொடுத்தாலும் துறை திரும்பாது. நான் பள்ளிக்கூடம் போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். ஆற்றிலிருந்து மீண்டேன் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆறு போனதில் வருத்தம் உண்டு.

என் மகன் அமெரிக்காவிலிருந்து பேசும்போது, இங்கே டிரையர் வாங்கிவிடலாமே அம்மா என்கிறான். அவன் இருக்கும் குடியிருப்பில் வெளியே துணி தொங்கக் கூடாது என்று விதி. பார்க்க அசிங்கமாம். அங்கே புளோரிடா, வெர்மான்ட் போன்ற மாநிலங்களில் கொடி கட்டும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. வருஷத்தில் ஒன்பது மாதம் வெயில் கொளுத்துகிற திருப்பதியில், கரண்டை எரித்துத் துணி காயவைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அவன் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, இடம் எங்கே என்கிறான். பழைய வீடுகளில் முற்றம் இருந்தது, புறக்கடை இருந்தது. இப்போது கட்டுகிற வீடுகளில் பால்கனியில் ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடுகிறது. தெருப்பக்கம் சேலை தொங்கினால் கட்டடத்தின் மதிப்பு குறைகிறது என்று இங்கேயும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மொட்டைமாடி காலியாகத்தான் கிடக்கிறது, பூட்டோடு.

எங்கள் அடுக்ககத்திலும் மாடிச்சாவி சங்கத் தலைவரிடம் இருந்தது. வாட்ச்மேன் குடும்பம் கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர்கள்மேல் போட்டுக் காயவைப்பாள், ஸ்கூட்டர்க்காரர்கள் கத்துவார்கள். போன கூட்டத்தில் நான் இதை எடுத்தேன். மாடியைத் திறக்க வேண்டும், கொடி கட்ட வேண்டும், காவலும் வேலையும் செய்கிறவர்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர், அவர்கள் துணியோடு நம் துணியா என்றே கேட்டார். மூங்கில் கொடியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. கூட்டம் முடியும்வரை நான் உட்காரவில்லை. இப்போது காலை ஆறு மணிக்கு மாடி திறக்கிறது. கிழக்கு மேற்காக நான்கு கயிறு கட்டியிருக்கிறோம். நல்ல காற்று அடிக்கிற தென்பக்கக் கயிறு வாட்ச்மேன் வீட்டுக்கு. அதில் வேறு யாரும் போடக் கூடாது என்று சங்க நோட்டில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.