உமா ஓயா சொல்லும் கணக்கு: மென்பொருள் திட்டங்களின் செலவையும் காலத்தையும் மதிப்பிடல்

உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம் 2024 ஏப்ரல் 24 ஆம் திகதி, அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவினாலும் ஈரானின் அன்றைய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியினாலும் திறந்துவைக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டு ஏப்ரலில் மஹ்மூத் அஹமதிநெஜாத் ஈரானிய ஜனாதிபதியாக இங்கு வந்திருந்தபோது இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிர்மாணப் பணிகள் 2010 மார்ச்சில் ஆரம்பமாகின. 2015 மார்ச்சில் அவை நிறைவடைந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் என மதிப்பிடப்பட்ட வேலைக்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

செலவின் கதையும் இத்தகையதே. ஒப்பந்தத் தொகை 529 மில்லியன் அமெரிக்க டொலர். 2010 இல் ஒரு டொலர் சுமார் 113 ரூபா. அக்கணக்கில் அது ஏறத்தாழ 6000 கோடி ரூபா. திறப்பு விழா நடைபெற்ற காலத்தில் டொலர் சுமார் 300 ரூபா. அதே தொகை 15,800 கோடி ரூபாவைத் தாண்டுகின்றது. பணம் பல ஆண்டுகளில் பல பெறுமதிகளில் செலுத்தப்பட்டதால் உண்மைக் கணக்கு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். ஆயினும், டொலரில் ஒரு சதம் கூடாவிட்டாலும் தாமதம் மட்டுமே ரூபாக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும் என்பதற்கு இது போதிய சான்றாகும். செலவில் 85 வீதத்தை ஈரானிய வங்கி கடனாக வழங்கும் என்பதே ஆரம்ப ஏற்பாடு. சர்வதேசத் தடைகள் இறுகியபோது சுமார் 50 மில்லியன் டொலருடன் அக்கடன் நின்றுபோனது. மிகுதியை இலங்கை அரசாங்கம் தன் நிதியிலிருந்தே தேட வேண்டியதாயிற்று.

பண்டாரவளை, வெலிமடை மக்கள் நினைவில் வைத்திருப்பது டொலர் கணக்கையன்று. புகுல்பொல, டயரபா நீர்த்தேக்கங்களிலிருந்து வெல்லவாய பக்கமுள்ள நிலக்கீழ் மின்நிலையத்திற்கு நீரைக் கொண்டுசெல்லும் 15 கிலோமீற்றருக்கும் நீண்ட சுரங்கத்தில், 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பீறிடத் தொடங்கியது. மலையின் மேற்புறத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் வீதிக்கு இறங்கினர். சுரங்கம் செல்லும் வழியெங்கும் பாறையின் தன்மையும் நீரோட்டமும் முன்கூட்டியே போதியளவு ஆராயப்படவில்லை என்பதே அன்று எழுந்த பிரதான குற்றச்சாட்டு. ஆராயப்படாத மலைக்கு ஐந்து ஆண்டுகள் என்று திகதி குறித்தவர்கள் யாராயினும், அம்மதிப்பீட்டின் பிழைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களல்லர்.

மென்பொருளைப் பற்றிய கட்டுரையில் மலையையும் சுரங்கத்தையும் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என வாசகர்கள் கேட்கலாம். இன்று அரச திணைக்களங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் பதுளை நகர வர்த்தக நிலையங்களும்கூடக் கணினி மென்பொருள்களைச் செய்விக்கின்றன. 2005 இல் பதுளையில் ஆரம்பிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலிருந்து கணினித்துறைப் பட்டதாரிகள் ஆண்டுதோறும் வெளியேறுகின்றனர். “எத்தனை மாதம்? எவ்வளவு பணம்?” என்பதே அவர்களிடம் கேட்கப்படும் முதற்கேள்வி. அதற்கு அவர்கள் சொல்லும் விடை, பெரும்பாலும், மலையைத் தோண்டிப் பார்க்காமல் சொல்லும் விடையாகவே அமைந்துவிடுகின்றது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தின் செக்ரோலைக் கணினிமயப்படுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இலகுவானது: வேலை செய்த நாட்களை நாட்சம்பளத்தால் பெருக்கிக் கழிவுகளைக் கழித்தால் முடிந்தது, மூன்று மாதம் போதும். கணக்கப்பிள்ளையிடம் அரைநாள் அமர்ந்து கேட்டால்தான் உள்ளே இருப்பது தெரியவரும். நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப் பேர். கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக்கொடுப்பனவு. ஞாயிறு, போயா நாட்களுக்கு வேறு வீதம். ஊழியர் சேமலாப நிதி ஒருபுறம். தீபாவளி முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, மரண உதவிச் சங்கம், தேயிலைத்தூள், கோயில் கணக்கு எனக் கழிவுகள் மறுபுறம். ஒரே பெயரில் நான்கு பேர் ஒரே டிவிசனில் இருப்பர். அவர்களில் ஒருவரின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் சேமலாப நிதி ஏட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். இடையில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் மாறும்: 2021 இல் 1000 ரூபா, 2024 இல் 1350 ரூபா. பழைய ஏடுகளைக் கணினியில் பதிவதும், எழுதுவினைஞர்களைப் பயிற்றுவிப்பதும், மலைச்சரிவில் தொலைபேசி அலை கிடைக்காத இடத்தில் கொழுந்து நிறுப்பதும் முதலில் சொன்ன மூன்று மாதத்தில் அடங்கவேயில்லை.

மென்பொருளில் ‘மலை’ என்பது இதுதான். நிரல் எழுதுவதற்குச் செல்லும் நேரத்தை ஓரளவு கணிக்கலாம். எதை எழுத வேண்டும் என்பதைக் கண்டறியச் செல்லும் நேரமே கணிப்பை ஏமாற்றுகின்றது. அமெரிக்கப் பொறியியலாளர் பெரி போஹம் 1981 இல் வெளியிட்ட தமது நூலில் இதனை அளவிட்டுக் காட்டினார். திட்டம் வெறும் எண்ணமாக மட்டும் இருக்கும் கட்டத்தில் சொல்லப்படும் மதிப்பீடு, உண்மையில் நான்கு மடங்கு கூடவோ நான்கில் ஒரு பங்காகக் குறையவோ கூடும். தேவைகள் தெளிவாக எழுதப்பட்ட பின்னரே அவ்விடைவெளி சுருங்குகின்றது. ஆகவே முதல் நாளில் கேட்கப்படும் கேள்விக்கு “ஆறு மாதம்” என்று ஒற்றை எண்ணைச் சொல்பவர் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்கின்றார். “நான்கு முதல் பதினான்கு மாதம், இரண்டு மாதம் ஆராய்ந்த பின் இதைவிடச் சரியாகச் சொல்வேன்” என்பவரே உண்மையைச் சொல்கின்றார். வாடிக்கையாளருக்கு இரண்டாமவரைப் பிடிப்பதில்லை என்பது வேறு விடயம்.

இரண்டு எண்களுக்கு இடையில் திட்டமிடுவது நமது சமூகங்களுக்குப் புதியதன்று. நோன்பு 29 நாட்களா 30 நாட்களா என்பது பிறை தென்படும் வரை எவருக்கும் தெரியாது. அதற்காக எந்த முஸ்லிம் குடும்பமும் தடுமாறுவதில்லை. இரண்டு நாட்களுக்கும் ஆயத்தமாகவே இருக்கின்றது. கணினித் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் சபைகளுக்கு மட்டும் ஏனோ ஒற்றைத் திகதியே வேண்டியிருக்கின்றது.

வீச்சை ஓர் எண்ணாக மாற்றியே ஆகவேண்டுமெனில் அதற்கும் முறையுண்டு. 1958 இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கப்பட்ட முறை இது: மிகச் சாதகமான காலம், பெரும்பாலும் நிகழக்கூடிய காலத்தின் நான்கு மடங்கு, மிகப் பாதகமான காலம் ஆகிய மூன்றையும் கூட்டி ஆறால் வகுப்பது. நான்கு, ஆறு, பதினான்கு மாதங்களாயின் விடை ஏழு மாதம். கணக்கில் தவறில்லை, ஆனால் மனிதர் ‘மிகப் பாதகமானது’ என்று கருதுவதே போதியளவு பாதகமாக இருப்பதில்லை. 1994 இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், கனடாவின் பல்கலைக்கழக மாணவர்களிடம் தமது இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரையை முடிக்க எத்தனை நாட்களாகும் எனக் கேட்கப்பட்டது. சராசரி விடை 33.9 நாட்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 48.6 நாட்கள். உண்மையில் சென்றதோ 55.5 நாட்கள். டானியல் கானெமனும் ஏமொஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் இப்போக்குக்குத் ‘திட்டமிடல் மயக்கம்’ என்ற பொருள்படப் பெயரிட்டனர்.

அதற்கு அவர்கள் காட்டிய மருந்து எளிமையானது. நம் வேலையை உள்ளிருந்து பார்த்துக் கணிப்பதை விட்டு, இதே போன்ற வேலைகளுக்கு மற்றவர்களுக்கு எவ்வளவு சென்றது என்று பார்ப்பது. பக்கத்துத் தோட்டத்தில் இதே போன்ற மென்பொருளை அமைக்கப் பதினொரு மாதம் சென்றிருந்தால், நம்முடையது மூன்று மாதத்தில் முடியும் என்று நம்புவதற்குத் தனியான காரணம் வேண்டும். ‘எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்’ என்பது காரணமாகாது. அவர்களும் அதையே சொல்லித்தான் ஆரம்பித்திருப்பர். எனினும் முடிந்த திட்டத்துக்கு உண்மையில் எத்தனை நாள் சென்றது என்பதை நம் நாட்டில் எழுதிவைப்பவர் அரிது. திறப்பு விழாப் படங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

சராசரியை மட்டும் நம்புவதும் ஆபத்தானது. பென்ட் ஃபிளைப்யர்க், அலெக்சாண்டர் பட்சியர் ஆகிய ஆய்வாளர்கள் 2011 இல் 1471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்தபோது சராசரிச் செலவு மிகைப்பு 27 வீதமாகவே இருந்தது. ஆனால் ஆறில் ஒரு திட்டம் சராசரியாக 200 வீதம் மேலதிகமாகச் செலவை இழுத்திருந்தது. காலத்திலும் ஏறத்தாழ 70 வீதம் நீண்டிருந்தது. ஒரு பெரிய கம்பனி அந்த ஆறாவது திட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். பதுளையில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்துக்கோ, மாதச் சந்தாவில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ அது ஒன்றே போதும், கதவை மூடுவதற்கு.

தாமதம் தெரிந்தவுடன் ஆட்களைக் கூட்டுவது நம்மவர் வழக்கம். கொழுந்து முற்றும் வேளையில் மலைக்கு இருபது பேரை மேலதிகமாக அனுப்பினால் அன்று மாலையே பலன் தெரியும். ஒருவர் பறிப்பதற்கு மற்றவருடன் பேசவேண்டிய தேவையில்லை. மென்பொருள் அப்படியன்று. ஐந்து பேர் ஒருவரோடொருவர் ஒத்துப்போக வேண்டிய வழிகள் 10. பத்துப் பேராயின் 45. புதியவர்களுக்குக் கற்பிக்க வேண்டியவர்களும் ஏற்கெனவே வேலையில் பிந்திநிற்பவர்களே. பிந்திய திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் திட்டமொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975 இலேயே எழுதிவிட்டார்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, மதிப்பீடு வேறு, இலக்கு வேறு என்பதாகும். தோட்ட மக்களுக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்பது ஒரு கணிப்பாகவே ஆரம்பிக்கின்றது. வரட்சியான ஆவணியில் பழைய தேயிலை மலையிலும், மழைக்குப் பின் துளிர்த்த புதிய மலையிலும் அதே கிலோவைக் கேட்கும்போது அது கணிப்பு என்ற நிலையை இழந்து கட்டளையாகின்றது. குறைந்தால் அரைப் பேர். மென்பொருள் நிறுவனத்திலும் முகாமையாளர் முதலில் திகதியைத் தீர்மானித்துவிட்டு, பின்னர் நிரலாளரிடம் “முடியுமா?” என்று கேட்பார். பதில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட கேள்வி அது. நிரலாளர் இரவுகளை இழப்பார். பரிசோதனைக் காலம் வெட்டப்படும். பிழையுள்ள கணக்கு சம்பள நாளன்று தொழிலாளியின் கையில் வந்து விழும்.

அறிவிக்கப்படும் திகதியை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுபவர்களும் இருக்கின்றனர். மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே மாதத்தில் அறிவித்தார். அவற்றில் முதற்கட்டமான 1300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் லயன் கூரையைத் திருத்துவதா, புதிய வீட்டுக்குக் காத்திருப்பதா என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் குடும்பங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி மனு முறையில் குறைந்த விலைக்கே வேலை என்றிருக்கும்வரை, உண்மையான மதிப்பீட்டைச் சமர்ப்பிப்பவர் தோற்பார்; குறைத்துச் சொன்னவர் வென்று, பின்னர் மேலதிகக் கொடுப்பனவு கேட்டு வருவார். இதற்கு ஒரு மாற்று உண்டு. வேலையை இரண்டு ஒப்பந்தங்களாகப் பிரித்து, முதலாவதைச் சிறியதாக, தேவைகளை ஆராய்ந்து எழுதுவதற்கு மட்டும் வழங்குவது. அதன் முடிவில் கிடைக்கும் மதிப்பீட்டைக் கொண்டே இரண்டாவது ஒப்பந்தத்தைத் தீர்மானிப்பது. ஆராய்ந்த பின் வேலையே வேண்டாம் என முடிவெடுக்கவும் சபைக்கு உரிமை இருக்கவேண்டும். செக்ரோல் உதாரணத்தில் இதன் பொருள், நிரல் எழுதத் தொடங்கும் முன் ஒருவர் ஒரு முழுச் சம்பள மாதத்தைக் கணக்கப்பிள்ளையின் அருகில் அமர்ந்து கழிப்பதாகும். பின்னர் ஒரு டிவிசனில் மட்டும் கையேட்டையும் கணினியையும் இரண்டு மாதம் ஒன்றாக நடத்திப் பார்த்து, அங்கு சென்ற நாட்களைக் கொண்டு மற்ற டிவிசன்களுக்குத் திகதி சொல்லலாம். அந்த ஒரு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் உரிய கூலியை ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.