மறைந்திருப்பதற்கும் ஒரு கோடு

திருவலிதாயத்து இறைவன் திருவருளால் மலரும் இம்மலருக்கு, வரைபடங்களில் விட்டுவிட்டு வரும் கோட்டைப் பற்றி எழுதுமாறு குழுவினர் அன்புக் கட்டளையிட்டார்கள். கோயில் மலருக்கு இது பொருந்துமா என்று கேட்டவர்களும் உண்டு. பொருந்தும் என்பதே என் கட்சி. வலியன் பூசித்த வரலாறும், ஞானசம்பந்தர் பாடிய சிறப்பும், வியாழக்கிழமைக் கூட்டமும் பாடிக்காரர்களுக்குத் தெரியாதவை அல்ல. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று 1960-களில் இங்கே தொழிற்சாலைகள் எழுந்த கதையும் அப்படியே. ஆகவே நேரே கோட்டுக்கு வருகிறேன்.

ஒரு பொருளை முன்னிருந்து வரையும்போது கண்ணில் படும் விளிம்புக்குத் தொடர்கோடு போடுகிறோம். பின்னாலோ உள்ளேயோ மறைந்த விளிம்புக்கு விட்டுவிட்ட கோடு. பட்டறையில் இதை 'டாட்டட் லைன்' என்பார்கள். பாடப்புத்தகத்தில் 'ஹிட்டன் லைன்'. பிரேக் மாஸ்டர் சிலிண்டரை வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வார்ப்பு உடல்தான் தெரியும். பிஸ்டன் ஓடும் துளையும் பிரேக் ஆயில் இறங்கும் சிறு வழியும் உள்ளே இருக்கின்றன. வண்டியை நிறுத்துவது அவைதாம்.

இக்கோட்டுக்குக் கண்டிப்பான இலக்கணம் உண்டு. ஐஎஸ்ஓ 128 தர வரிசைப்படி ஒவ்வொரு சிறுகோடும் கோட்டின் தடிமனைப் போல் 12 மடங்கு நீளம், இடைவெளி 3 மடங்கு. 0.25 மில்லிமீட்டர் தடிமனுக்கு 3 மில்லிமீட்டர் கோடு, 0.75 மில்லிமீட்டர் இடைவெளி. வெளி விளிம்பிலிருந்து கிளம்பும்போது அதைத் தொட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். தொடர்கோட்டின் நீட்சியாக வந்தால் மட்டும் முதலில் இடைவெளி. மூலையில் கோடும் கோடும் கூட வேண்டும், வெற்றிடத்தில் அல்ல. தெரியும் கோடும் மறைகோடும் ஒரே இடத்தில் விழுந்தால் தெரிவதற்கே முதலிடம். நம் மாணவர்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1988-இல் வெளியிட்ட எஸ்பி 46 என்னும் கையேடும் கோட்டு வகைகளுக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறது.

இக்கலையின் கணிதத்தை ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்பார் மோன்ழ். கோட்டை கட்டும் வித்தை என்பதால் அவர் முறையை ராணுவம் நெடுநாள் ரகசியமாக வைத்திருந்தது. 1795-இல்தான் பாரிசில் அவர் அதை வெளிப்படையாகக் கற்பித்தார். அதற்கு ஓராண்டு முன்பே, 1794-இல், மைக்கேல் டாப்பிங் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. சென்னைக்காரர்கள் சற்றே நிமிர்ந்து நிற்கலாம்.

ஆனால் நம் சிற்பிகளின் மரபு இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஆகம முறைப்படி செதுக்கும் லிங்கத்துக்கு மூன்று பாகம். அடியில் சதுரமான பிரம்ம பாகம், நடுவில் எண்கோணமான விஷ்ணு பாகம், மேலே உருண்டையான ருத்திர பாகம். (சுயம்பு மூர்த்திகளுக்கு இவ்விதி இல்லை.) கீழிரண்டும் பீடத்துக்கும் ஆவுடையாருக்கும் உள்ளே அடங்கிவிடும், நாம் தீபாராதனையில் தரிசிப்பது மூன்றாவதை மட்டுமே. இதற்கு ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும் படத்தில் வட்டம் தொடர்கோடாக வரும். அதைச் சூழ்ந்த எண்கோணமும் சதுரமும் விட்டுவிட்ட கோடுகளாக வரும். மும்மூர்த்திகளில் இருவரை இந்தக் கோட்டால்தான் காட்ட முடியும்!

மரத்தால் செய்த யானையைக் காண்பவனுக்கு மரம் மறைகிறது, மரத்தைக் காண்பவனுக்கு யானை மறைகிறது என்பது திருமூலர் காட்டும் உண்மை. எல்லா உயிரிலும் மறைந்திருக்கும் ஆன்மா கூர்மதியினர்க்கே புலப்படும் என்கிறது கடோபநிடதம். டிராயிங் ஷீட் தெரிவதையும் மறைவதையும் ஒரே தாளில் நிறுத்துகிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் அடியார் சான்று நிற்கிறார். திருநின்றவூர்ப் பூசலார் கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தார்; கிடைக்கவில்லை. மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவும் உறங்காமல் சிகரம் வரை எழுப்பினார். கிணறு, மதில், குளம் எதையும் விடவில்லை. காஞ்சியில் கற்கோயில் எடுத்த காடவர் கோன் குறித்த அதே நாளில்தான் இவரும் குடமுழுக்குக் குறித்திருந்தார். இறைவன் அரசன் கனவில் தோன்றி, அன்று நின்றவூர் அன்பன் ஆலயம் புகப் போவதாகச் சொல்லி, அரசனை வேறு நாள் பார்க்கச் சொன்னார். பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இதைப் பாடியபோது அந்தக் கோயிலை ஒரு குறையுமில்லாத கட்டடமாகவே பாடினார். கண்ணுக்குத் தெரியாததால் அளவு தவறலாம் என்ற சலுகை பூசலாருக்கும் இல்லை, டிராஃப்ட்ஸ்மேனுக்கும் இல்லை.

எழுத்துலகிலும் இக்கோடு உண்டு. பழைய ஆங்கில நாவல்களில் ஊர்ப்பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதி மிச்சத்துக்கு நீள்கோடு இழுப்பார்கள். எமிலி டிக்கின்சன் கவிதைகள் 1890-இல் அச்சேறியபோது பதிப்பித்தவர்கள் அவர் இட்ட கோடுகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். 1955 பதிப்பில்தான் அவை திரும்பின. நம் உ.வே.சா. அவர்களோ 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடத்தில் சொந்தச் சொல்லை இட்டு நிரப்பாமல் சிதைவைச் சிதைவாகவே காட்டினார். அவ்வளவு புலமை உள்ளவருக்கு நிரப்பத் தெரியாதா?

இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் மறைகோடுகள் வரும், இன்னொரு தட்டில் போகும். உள்ளமைப்பு சிக்கலானால் வெட்டுத்தோற்றம் போடுவதே நல்லது. கோடுகளை நெருக்கிப் போட்டுக் கண்ணைக் குழப்புவதை நான் ஆதரிப்பதில்லை. ஆனாலும் அம்பத்தூர்ப் பக்கம் ஐடிஐ படிக்கும் பிள்ளைகள் ஒரு முறையாவது பென்சிலைக் கூராக்கிக் கையால் இக்கோட்டைப் போட்டுப் பழக வேண்டும். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐப்பசி அனுஷம் பூசலார் குருபூசை நாள். கொரட்டூரில் மின்சார ரயில் ஏறினால் திருநின்றவூரில் இறங்கலாம். பிள்ளைகளை இருதயாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.