மெட்டடார் வேனும் ஒரு தம்பியின் ஆசையும்



நம் பட்டினச்சேரித் தம்பி ஒருவன், அப்பாவின் பழைய மெட்டடார் வேனின் பின்பக்கத்தை வெட்டி அகல டயர் போடப் போகிறானாம். நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டுப் புகை கிளப்ப வேண்டுமாம். "சரியா வருமா சார்?" என்று படம் அனுப்பிக் கேட்டான்.

தம்பி, அந்த வண்டியின் வரலாற்றைக் கேள். ஜெர்மனியின் டெம்போ வண்டி வழியில் வந்தது. பஜாஜ் டெம்போ 1969-இல் இங்கே கொண்டுவந்தது. முன்சக்கரம்தான் இழுக்கும். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டும் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. அதனால்தான் தளம் அவ்வளவு தாழ்வு. ஐஸ் போட்ட மீன் கூடையைத் தலைக்கு மேல் தூக்காமலே ஏற்றிவிடலாம். பின்பாரம் கூடினால் மணலில் முன்சக்கரம் வெறுமனே சுற்றும். (தள்ளிவிட்ட சித்தப்பாமார்களைக் கேள், திட்டோடு சொல்வார்கள்!) பின்னால் எத்தனை அகல டயர் மாட்டினாலும் உருளும், புகையாது.

அதோடு, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

உன் பரீட்சைப் பணம் அந்தத் தளத்தில் ஏறிய மீனில் வந்தது, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை கட்டிங் மெஷினைத் தொடாதே.