தூணைக் காத்த துரு

டில்லியில் குடியேறிய தமிழர், ஊரிலிருந்து வந்த விருந்தினரைக் குதுப்மினார் காட்டாமல் திருப்பி அனுப்புவதில்லை. அங்குள்ள இரும்புத் தூணில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்புறமாகக் கோத்துத் தழுவ முயன்றது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். 1997-இல் சுற்றிலும் வேலி எழுந்தது. அதன்பின் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய தூண் அது. அதில் புகழப்பெறும் 'சந்திரன்' என்னும் அரசன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது அறிஞர் பலர் கொள்கை. சுமார் 1,600 ஆண்டு மழையிலும் வெயிலிலும் நின்ற இத்தூண் துருப்பிடிக்கவே இல்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது சரியன்று. துருப்பிடித்தது, பிடித்த துரு மேலே பரவாமல் நின்றுவிட்டது. மண்ணுள் புதைந்த அடிப்பகுதியோ நன்றாகவே அரித்திருக்கிறது.

இரும்பில் படிவதைத் துரு என்றும், செம்பில் படிவதைக் களிம்பு என்றும் தமிழர் பிரித்தே பெயரிட்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பாகுபாடு மிகவும் பிடிக்கும். வெளியில் நிற்கும் செம்பின் மேல் நாளடைவில் இறுகும் பச்சைப் படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். துருவோ நொய்ந்து உதிர்ந்து, நீருக்கும் காற்றுக்கும் வழிவிட்டு, மேலும் மேலும் தின்னும். டில்லித் தூணில் மட்டும் துரு, களிம்பின் குணத்தைப் பெற்றது எவ்வாறு?

டில்லியின் வறண்ட காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் முதன்மையான காரணம் பாஸ்வரம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000-இல் இதனை விரிவாக விளக்கினார். பழங்காலக் கொல்லர் சுண்ணாம்புக் கல் சேர்க்காமல் கரியைக் கொண்டே தாதுவை உருக்கியதால், ஏறத்தாழ 0.25 சதவீதப் பாஸ்வரம் இரும்பிலேயே தங்கிவிட்டது. அது துருவுக்கு அடியில் இரும்புப் பாஸ்பேட்டாக மாறி, மெல்லிய கவசமாயிற்று.

இக்காலத்து எஃகு ஆலைகள் அதே பாஸ்வரத்தைப் பகையாகக் கருதி வெளியேற்றுகின்றன. மிகுந்தால் எஃகு குளிரில் நொறுங்கும். மோட்டார் எஞ்சினில் இடைவிடாது சுழலும் உறுப்புக்கு அத்தகைய எஃகு உதவாது. அப்படியானால் உள்ளே கூடாத பொருளை மேற்புறத்தில் மட்டும் ஏற்றலாமே! 1869-இலேயே இங்கிலாந்தில் ரோஸ் என்பவர், மகளிர் கச்சுக்குள் வைக்கும் இரும்புப் பட்டைகளைச் செம்பழுப்பாகக் காய்ச்சிப் பாஸ்பாரிக் அமிலத்தில் தோய்த்தார். 1906-இல் கோஸ்லெட் என்பார், அமிலத்தில் இரும்புத் தூளைக் கலந்து கொதிக்கவைத்து, அதில் உறுப்புகளை ஊறவைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதற்கு மணிக்கணக்கில் பொழுது பிடித்தது. பின்னர் மாங்கனீஸ் சேர்ந்தது. 1915-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பார்க்கர் குடும்பத்தார் இம்முறையைப் பெருந்தொழிலாக்கினர். மோட்டார் தொழிலின் தலைநகரம் அது. வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

புதிய கேம் ஷாப்ட், பிஸ்டன் வளையம், பற்சக்கரம் முதலியவற்றில் மங்கிய கருஞ்சாம்பல் நிறம் பல வேளைகளில் காணப்படும். அது பெரும்பாலும் இந்த மாங்கனீஸ் பாஸ்பேட்தான். அதன் நுண்ணிய படிகங்கள் எண்ணெயை உறிஞ்சித் தாங்கி, உறுப்பு கிடங்கில் கிடக்கையில் துருவைத் தடுக்கும். எஞ்சின் முதன்முதலில் ஓடும்போது உலோகம் உலோகத்தை உராய்ந்து பிய்க்காதபடியும் காக்கும். அதனை அழுக்கென்று எண்ணி உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குபவர்களும் இருக்கிறார்கள்.