பெரிய முகமதுவும் ஒரு நன்றிக்கடனும்

செங்கிஸ்கானைப் பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு. நான் சொல்லப்போறது அவர் வம்சத்துல வந்த, நம்ம பக்கம் அதிகம் பேசப்படாத ஒரு தாத்தார் கானைப் பத்தி. பெயர் உலுக் முகமது. 'உலுக்'னா பெரிய. இவரைத் துரத்தினவர் கூச்சூக் முகமது, அதாவது சின்ன முகமது! (சத்தியமா நான் வெச்ச பேர் இல்லீங்க :-))

1432-ல் மாஸ்கோ பட்டத்துக்கு 17 வயசு வாசிலிக்கும் அவன் சித்தப்பா யூரிக்கும் போட்டி. அப்போ ருஷ்ய இளவரசர்களுக்கு மேலே இருந்தது கோல்டன் ஹோர்ட் என்ற தாத்தார் பேரரசு. அதன் கான் நம்ம பெரிய முகமது. பஞ்சாயத்து அவரிடம் போனது. பையனுக்கே பட்டம் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஐந்தே வருஷம். அரியணை போய், மிச்சமிருந்த ஆட்களோடு ஓகா நதிக்கரையில் பெல்யோவ் என்ற ஊரில் வந்து ஒதுங்கினார். "உங்க எல்லையைக் காவல் காக்கிறேன், என் பிள்ளையைப் பணயமா வெச்சுக்கோங்க" என்று கேட்டுப் பார்த்தார். வாசிலி அனுப்பிய படை காது கொடுக்கவில்லை. படைக்குத் தலைமை யூரியின் மகன்கள். அதில் ஒருவன் திமித்ரி ஷெம்யாகா. பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1437 டிசம்பரில் அந்தப் பெரிய படை, அகதியாய் வந்தவரிடம் தோற்று ஓடியது. கான் அங்கிருந்து வோல்கா பக்கம் நகர்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் கசான் கானேட். (நிறுவியது இவரா, மகன் மஹ்மூதா என்று வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் வழக்கு ஓடுது.)

1445 ஜூலையில் சுஸ்தால் அருகே நடந்த சண்டையில் கானின் மகன்கள் வாசிலியையே பிடித்துவிட்டார்கள். அவர் கழுத்துச் சிலுவையைக் கழற்றி மாஸ்கோவில் இருந்த அம்மாவுக்கும் மனைவிக்கும் அனுப்பினார்களாம். பெரும்பணம் தருவதாக ஒப்புக்கொண்டு வெளியே வந்தார் வாசிலி. 'தாத்தாருக்கு நாட்டை வித்துட்டான்' என்று சொல்லி, 1446-ல் அவர் கண்களைப் பிடுங்கியது யார் தெரியுமா? அதே ஷெம்யாகா!

அப்புறம் குருட்டு வாசிலிக்குத் துணையாக வந்து நின்றது கானின் இன்னொரு மகன் காசிம். நன்றியாக ஓகா கரையிலேயே அவருக்கு ஒரு ஊர் கிடைத்தது. அது காசிம் கானேட் ஆனது. 1552-ல் வாசிலியின் கொள்ளுப்பேரன் நான்காம் இவான் கசானைப் பிடித்தபோது, காசிம் கானேட்டின் ஷா அலியும் அவர் பக்கம்தான்.

அப்பா கேட்டதும் ஓகா கரையில் ஒதுங்க ஓர் இடம்தான். அதை 1437-லேயே கொடுத்திருந்தால் கசான் கானேட்டே பிறந்திருக்காதோ என்று எனக்கு ஒரு நினைப்பு. நீங்க என்ன சொல்றீங்க?