கால்வெஸ்டன் சூறாவளி (1900)

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கரையை ஒட்டிய கால்வெஸ்டன் தீவை 1900 செப்டம்பர் 8 அன்று தாக்கிய சூறாவளி. புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் அங்கே அப்போது இல்லாததால், அழிந்த ஊரின் பெயரே புயலுக்கும் நிலைத்தது. இறந்தோர் 8,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 6,000 முதல் 12,000 வரை மதிப்பீடுகள் உண்டு. அமெரிக்க வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்த இயற்கைப் பேரிடர் வேறில்லை.

கால்வெஸ்டன் ஒரு நீண்ட மணல்திட்டு. அதன் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்கும் குறைவு. பருத்தி ஏற்றுமதியால் செழித்த அந்தத் துறைமுக நகரில் ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்தனர். அதே கரையில் இருந்த இந்தியனோலா துறைமுகம் 1875, 1886 புயல்களில் சிதைந்து கைவிடப்பட்டபோது, கால்வெஸ்டனுக்குக் கடற்சுவர் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது, பிறகு அடங்கிப்போனது. உள்ளூர் வானிலை நிலையத்தின் தலைவர் ஐசக் கிளைன், 1891இல் நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் அந்த நகருக்குப் புயலால் பேராபத்து வரும் என்பதே வீண் பயம் என்று எழுதியிருந்தார்.

எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. புயல் வந்த வழியில் இருந்த கியூபா, ஸ்பெயினுடனான போருக்குப் பின் அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. புயலைக் கணிப்பதில் நெடுங்காலத் தேர்ச்சி பெற்ற ஹவானாவின் பெலன் வான்காட்சியகத் துறவியர், இந்தப் புயல் டெக்சாஸ் பக்கம் போகும் என்று கருதினர். ஆனால் அமெரிக்க வானிலைத் துறையின் தலைவர் வில்லிஸ் மூர், கியூபர்களின் வானிலைத் தந்திகளுக்கு முன்பே தடை வாங்கியிருந்தார். புயல் வடகிழக்காகத் திரும்பி ஃபுளோரிடாவைக் கடக்கும் என்பது வாஷிங்டனின் கணிப்பு. பிறர் அறிவை மதிக்காத இந்தச் செருக்கே, காற்றுக்கு நிகராக அந்த ஊரைக் கொன்றது என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மாலைக்குள் கடல் 15 அடிக்கு மேல் எழுந்து தீவை முழுவதும் மூடியது. பெருநிலத்தோடு இணைத்த பாலங்கள் அத்தனையும் போயின. கரையோர வீடுகளின் மரச்சிதைவுகளை அலை அள்ளிவந்து அடுத்த வரிசை வீடுகளின்மேல் மோத, தெருத் தெருவாக ஊர் சரிந்தது. 3,600 வீடுகள் அழிந்தன. புனித மரியாள் அநாதை இல்லத்தில் துறவுச் சகோதரிகள் துணிக்கொடிக் கயிற்றால் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு பிணைத்துக்கொண்டனர். 10 சகோதரிகளும் 90 குழந்தைகளும் இறந்தனர். பிழைத்தவர்கள் மூன்று சிறுவர்கள் மட்டுமே. கிளைனின் மனைவியும் அன்றிரவு மாண்டார்.

ஈர மண்ணில் இத்தனை உடல்களைப் புதைக்க வழியில்லை. எடை கட்டிக் கடலில் இறக்கிய நூற்றுக்கணக்கான உடல்களை அலைகள் திரும்பக் கரைசேர்த்தன. அதன்பின் ஊரெங்கும் வாரக்கணக்கில் சிதைகள் எரிந்தன. இந்தக் கொடிய வேலைக்குக் கறுப்பின ஆண்கள் பலர் துப்பாக்கி முனையில் இழுத்துவரப்பட்டனர். மீட்பின் பெருமையைப் பேசும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் தம் 78ஆம் வயதில் நேரில் வந்து நிவாரணப் பணியை நடத்தினார்.

மறுகட்டுமானம் பொறியியல் வரலாற்றில் தனி இடம் பெற்றது. 1902 முதல் 1904 வரை 17 அடி உயரக் கடற்சுவர் எழுந்தது; அதன் முதல் பகுதி மட்டும் 5 கி.மீ.க்கு மேல் நீளம். அடுத்து நகரின் தரையையே உயர்த்தினார்கள். சுமார் 2,000 கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, கடலடியிலிருந்து தோண்டிய மணல் கலந்த நீரைக் குழாய்களில் பாய்ச்சி அடியில் நிரப்பினார்கள். மண் நிரப்பும் செலவு அரசுடையது. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது. 1911 வரை நடந்த இப்பணியின்போது மக்கள் பலகைப் பாதைகளின்மேல் நடந்து வாழ்ந்தனர். 1915இல் அதே வலிமையோடு வந்த புயலில் சுவர் நின்றது. நகருக்குள் உயிரிழப்பு மிகக் குறைவு. வணிகம் மட்டும் மீளவில்லை. 1914இல் ஆழ்கடல் கப்பல்களுக்கான கால்வாய் திறந்த பிறகு, உள்நாட்டில் பாதுகாப்பாக இருந்த ஹூஸ்டன் பெருந்துறைமுகமாக வளர்ந்தது.